பாமினியை லினக்சில் நிறுவாதீர்கள்

என்னிலும் பதினைந்து வயது மூத்தவரும், ஒரே ஆசிரியபீடத்தில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றியவருமான நண்பர் ஒருவர் அண்மையில் காலமானார். 31ஆம் நாள் நினைவு மலரில் அவருடைய கட்டுரைகளில் ஒரு பகுதியையாவது சேர்க்க வேண்டும் என்று ரொறன்ரோவில் வாழும் அவருடைய மகள் விரும்பினார். நண்பர் ஒழுங்கு மிகுந்தவர். பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தவை அனைத்தையும் ஆண்டுவாரியாக இறுவட்டுகளில் பதிந்து, உறைமேல் தேதியும் இட்டு வைத்திருந்தார். செத்தவீட்டுக்கு வந்திருந்த மகள் அவற்றைக் கையோடு கொண்டு சென்றார். ஊர் திரும்பிய மறுநாள் இரவு எனக்கு அழைப்பெடுத்தார்.

"மாமா, அப்பா ஏதோ இரகசிய பாசையில எழுதி வைச்சிருக்கிறார். ஒரு சொல்லும் தமிழில இல்லை."

திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். தலைப்பின் முதற்சொல்லாக ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. இலங்கையில் எந்தத் தமிழ்ப் பத்திரிகையின் கணினிப் பிரிவிலாவது சில நாள் இருந்தவர்களுக்கு அது இரகசியமே அன்று. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் அவ்வாறுதான் அடிக்கப்படும். மகள் பயன்படுத்துவது லினக்ஸ். அதிலே பாமினி இல்லை. ஆகவே நண்பரின் எழுத்து, உடை களையப்பட்டு, தான் உண்மையில் எதுவோ அதுவாகக் காட்சியளித்தது.

நானும் இப்போது லினக்ஸ்காரன்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கொள்கை காரணமாக அன்று. 2025 ஒக்டோபரில் வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியபோது, எனது பழைய மடிக்கணினி அடுத்த பதிப்புக்குத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இந்நாட்டில் புதுக் கணினி வாங்குவது என்னைப் போன்றவர்களுக்குச் சிறுவிடயமல்ல. மருமகன் உபுண்டுவை நிறுவித் தந்தார். நாட்டில் எத்தனையோ பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் சிறு அச்சகங்களும் இதே நிலையில் இருக்கும் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

மகளின் படத்தைப் பார்த்ததும் நான் செய்தது, பழக்கத்தின் காரணமாக எவரும் செய்யக்கூடியதே. பாமினி எழுத்துருக் கோப்பைத் தேடியெடுத்து அனுப்பினேன். லினக்சில் எழுத்துரு நிறுவுவது மிக எளிது. பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் எழுத்துருக் கோப்புறையில் அதனைப் போட்டுவிட்டுச் செயலியை மூடித் திறந்தாற் போதும். ஒரு நிமிடத்தில் லிப்ரே ஓபிஸ் நண்பரின் கட்டுரையைத் தமிழில் காட்டியது. மகள் அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

அந்த மகிழ்ச்சி பத்து நிமிடம் நீடித்தது. 2006ஆம் ஆண்டு வாகரை மக்கள் இடம்பெயர்ந்த நாட்களில் தந்தை எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். தேடற்பெட்டியில் 'வாகரை' என்று தமிழில் எழுதித் தேடினார். அப்படியொரு சொல் இல்லை என்றது கணினி. திரையில் அச்சொல் அவர் கண்முன்னே இருந்தது. ஒரு பந்தியைப் பிரதிசெய்து லண்டனில் உள்ள தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அவருக்குப் போய்ச் சேர்ந்தது மறுபடியும் ஜே, கே, பி, ஓ.

நோயைக் குணப்படுத்தியதாக நினைத்து நோயாளிக்கு முகப்பூச்சுப் பூசியிருந்தேன்.

லினக்சில் ஒரு கட்டளை உண்டு. முனையத்தைத் திறந்து 'எப்சி-லிஸ்ட்' என்று எழுதி, தமிழுக்குரிய மொழிக்குறியையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கணினியிலுள்ள தமிழ் எழுத்துருக்களின் பட்டியலைத் தரும். என் கணினியில் லோகித் தமிழ் வந்தது, நோட்டோ வந்தது. நிறுவி வைத்திருந்த பாமினி வரவில்லை. ஏன் வரவேண்டும்? எழுத்துருக்களை நிர்வகிக்கும் மென்பொருள், ஒவ்வோர் எழுத்துருவும் எந்தெந்த எழுத்துகளைத் தன்னிடம் கொண்டிருப்பதாகச் சொல்கிறது என்று பார்த்தே அதன் மொழியைத் தீர்மானிக்கிறது. பாமினி தன்னை ஓர் ஆங்கில எழுத்துரு என்றே சொல்லிக்கொள்கிறது. 'ஜே' என்ற ஆங்கில எழுத்தைச் சற்று விசித்திரமாக, 'த' போல வரைந்து காட்டும் எழுத்துரு, அவ்வளவுதான். முப்பது ஆண்டு நாம் தமிழ் என்று நம்பி அடித்ததைக் கணினி ஒருநாளும் தமிழ் என்று அறிந்ததில்லை.

ஒருங்குறியில் எழுதிய கட்டுரைக்கு இக்கதி நேராது. அதற்குக் குறித்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால், லினக்ஸ் தமிழ் எழுத்துகளைக் கொண்ட வேறோர் எழுத்துருவைத் தேடிப்பிடித்து அதிலே காட்டும். அழகு கெடலாம், பொருள் கெடாது. எந்தத் தமிழ் எழுத்துருவுமே இல்லாத கணினியில் வெற்றுச் சதுரங்கள் தோன்றும். அச்சதுரங்களைக் கணினித் துறையினர் 'டோபு' என்று கேலியாக அழைப்பர். அவை எங்கும் தோன்றாதிருக்க வேண்டும் என்ற கருத்திலேயே கூகிளின் எழுத்துருத் தொகுதிக்கு நோட்டோ என்று பெயரிட்டார்கள். வெற்றுச் சதுரம் குறைந்தபட்சம் நேர்மையானது. இங்கே ஏதோ இருக்கிறது, என்னால் காட்ட முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. பாமினிக் கோப்பைத் திறக்கும் கணினிக்கோ தான் தவறிழைக்கிறோம் என்பதே தெரியாது.

எங்கள் தலைமுறையைக் குற்றம் சொல்ல இதனை நான் எழுதவில்லை. 1990களின் தொடக்கத்தில் நான் இத்தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துகளின் வாசனை அலுவலகத்தை விட்டு முற்றாக நீங்கியிருக்கவில்லை. கணினியில் தமிழைக் கண்டதே பெரிய காரியம். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அது கடதாசியில் இருந்த இடம். வின்டோஸ் 2000 வந்தபோதுதான் லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் சாதாரணக் கணினிகளுக்கு வந்தது. அப்போதும் பத்திரிகைகள் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி என்னவென்று தெரியாது. கடைசிவரை தெரியாமலே அது ஓய்ந்தது. இன்டிசைன் தமிழைச் சரிவர அடுக்கத் தொடங்கியது 2012இல் வந்த பதிப்பிலிருந்து. லினக்சின் கதையும் அப்படி ஒன்றும் பெருமைக்குரியதாக இருக்கவில்லை. 2000களின் நடுப்பகுதியில் அதிலே தமிழ் படித்தவர்களுக்கு, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகச் சிதறிய பக்கங்கள் நினைவிருக்கும். இன்று எழுத்துகளை அடுக்கும் வேலையை ஹார்ப்பஸ் என்ற திறந்தமூல மென்பொருள் செய்கிறது. 'கொ' என்று நாம் எழுதினால், உள்ளே 'க' முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கமும் அரவை வலப்பக்கமும் நிறுத்துவது ஹார்ப்பசின் பொறுப்பு. அது அந்த வேலையைக் குறையின்றிச் செய்கிறது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் மென்பொருளும் 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து தமிழைச் சரியாக அடுக்குகிறது. ஆகவே 2012வரை நாங்கள் செய்ததற்கு மன்னிப்புண்டு. அதன் பின்னும் அப்படியே தொடர்பவர்களிடம் இருப்பது பழக்கம் மட்டுமே.

பழக்கத்தை நான் இழிவாகக் கூறவில்லை. ஒப்புநோக்க வந்த பிரதியில் ஒரு பிழையும் இல்லாமல், நிமிர்ந்து பாராமல், விமானப்படைக் குண்டுவீச்சு வேளையிலும் அடித்துக்கொண்டிருந்த தட்டச்சாளர்களோடு வேலை செய்தவன் நான். அவர்களுடைய விரல்களில் பாமினி இருக்கிறது. ஒருங்குறி என்றவுடன் அவர்கள் அஞ்சுவது, விரல்களை மீண்டும் பழக்க வேண்டுமே என்றுதான். இந்த அச்சம் ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது. விசைப்பலகை வேறு, சேமிக்கப்படும் எழுத்து வேறு, திரையில் தோன்றும் வடிவம் வேறு. பாமினி இம்மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டியிருந்தபடியால் நாம் மூன்றையும் ஒன்றென எண்ணிக்கொண்டோம். லினக்சில் இவை வெவ்வேறு பொதிகளாகவே வரும். உள்ளீட்டுக்கு ஐபஸ் என்ற மென்பொருள். அதற்குள் தமிழ் 99 உண்டு, நம்நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. இந்த விசைப்பலகைகள் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே எழுதப்பட்டிருப்பதால், பாமினி அடுக்கில் விரலோட்டி ஒருங்குறியைப் பெறுவதற்கான அட்டவணையை நிரலறிந்த ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். வின்டோசில் இத்தகைய வசதி என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றில் பல ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. எந்த விரலும் எதையும் மறக்க வேண்டியதில்லை.

நண்பரின் இறுவட்டுகளுக்குத் திரும்புகிறேன். மாற்றித்தான் தீரவேண்டும் என்று முடிவுசெய்தோம். மகள் கணினி நிரல் எழுதுபவர், ஆனால் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எனக்கு நிரல் தெரியாது, பாமினி தெரியும். இணையத்தில் மாற்றிகள் பல உண்டு. ஜேர்மனியிலிருந்து சுரதா உருவாக்கி வழங்கிய 'பொங்குதமிழ்' மாற்றியை எங்கள் தலைமுறை நன்றியோடு நினைவில் வைத்திருக்கும். எனினும் இருநூறுக்கு மேற்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டி மாற்ற முடியாது என்பதால் அவர் தாமே ஒரு சிறு நிரல் எழுதினார். இரவில் அவர் ஓட்டுவார், காலையில் நான் ஒப்புநோக்குவேன். நேர வித்தியாசம் எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

அப்போதுதான் நாங்கள் ஆண்டாண்டாகச் செய்த சில்லறைக் களவுகள் வெளிவந்தன. அச்சிலே 'ர்' என்ற எழுத்தும், அரவின் தலையில் குற்று வைத்ததும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே தட்டச்சாளர் எது கைக்கு அண்மையில் இருக்கிறதோ அதனை அடித்தார். கண் ஏமாந்தது. மாற்றி ஏமாறாது. 'அவர்' என்பது 'அவா்' என்று வந்து நின்றது. வாசிப்பவருக்கு வேறுபாடே தெரியாது. தேடுபவருக்கு அச்சொல் கிடைக்காது. இன்றும் இணையத்தில் உள்ள தமிழ்ச் செய்திகளில் இந்தப் போலி 'ர்' ஆயிரக்கணக்கில் நடமாடுகிறது. ஔகாரம் இதனினும் தொல்லை. பாமினியில் 'மௌனம்' என்பதைக் கொம்பு, மகரம், ளகரம் என்று அடிப்போம். இதனைச் சரிப்படுத்தப் போன நிரல், 'வெளிநாடு' என்ற சொல்லிலும் அதே வரிசையைக் கண்டு 'வௌிநாடு' ஆக்கிவிட்டது. ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் வந்த இடமெல்லாம், எது ஆங்கிலம் எது தமிழ் என்று அறியாத நிரல், உயிருமில்லாத மெய்யுமில்லாத குவியல்களைக் கொட்டியது. இவற்றை மனிதக்கண் ஒன்றே தீர்க்கும். ஒப்புநோக்குநர் பதவியைப் பல பத்திரிகைகள் ஒழித்துவிட்டன. இந்த ஒரு வேலைக்காகவேனும் அவர்களை மீண்டும் அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பேஜ்மேக்கர் கோப்புகளும் சில இருந்தன. 2015இல் வந்த 4.4 பதிப்பு முதல் லிப்ரே ஓபிஸ் அவற்றைத் திறக்கிறது. பக்க அமைப்புக் குலைந்தே வந்தது, எழுத்து வந்தது. எங்களுக்கு எழுத்தே போதும்.

உண்மையான சிக்கல் பாமினியில் இல்லாத இறுவட்டுகளில் காத்திருந்தது. சில பத்திரிகைகள் தமக்கென்று தனியாக எழுத்துரு செய்வித்து வைத்திருந்தன. அவற்றில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது செய்தவருக்கும் அந்த அறைக்கும் மட்டுமே தெரியும். அத்தகைய ஒன்றில் நண்பரின் 14 கட்டுரைகள் இருந்தன. நான் அந்நிறுவனத்தில் விசாரித்தேன். எழுத்துருக் கோப்பு இப்போது எவரிடமும் இல்லை என்றார்கள். பழைய கணினிகள் நிறைக்கு விற்கப்பட்டுவிட்டன. பின்னர் அந்தப் பத்திரிகையின் ஓர் இதழ் படிமமாகக் கிடைத்தது. ஈழத்து ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் தேடித்தான் எடுத்தோம். அதில் இருந்த நண்பரின் கட்டுரையையும் இறுவட்டின் குறிகளையும் அருகருகே வைத்து, கல்வெட்டு வாசிப்பதுபோல இரண்டு இரவுகள் ஒவ்வோர் எழுத்தாகப் பொருத்தினோம். பல்கலைக்கழகத்தில் சாசனவியல் விரிவுரைகளைத் தூக்கக்கலக்கத்தோடு கேட்டவன் நான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லில் உள்ளதை வாசிக்க முடிகிறது, இருபது ஆண்டுக்கு முந்திய நம் பத்திரிகையை வாசிக்கத் துப்பறிய வேண்டியிருக்கிறது.

இங்கே உரிமம் பற்றியும் சொல்லவேண்டும். பாமினியை நாம் யாரும் விலைகொடுத்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை. நெகிழ்வட்டில் கைமாறியது, வந்ததை நிறுவினோம். எவருடையது, திருத்த உரிமையுண்டா என்று கேட்டவரில்லை. கட்டற்ற இயங்குதளத்துக்கு வந்த பின்னர்தான் எழுத்துருவோடு அதன் உரிமப் பத்திரமும் சேர்ந்து வருவதைக் கண்டேன். 2007 முதல் வழக்கிலுள்ள திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பு, எழுத்துருவைப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், திருத்தியதை வேறு பெயரில் பகிரவும் இடமளிக்கிறது. எழுத்துருவை மட்டும் தனியே விற்கக்கூடாது. நோட்டோவும் லோகித்தும் மீரா இனிமையும் இந்த உரிமத்தில் வருபவை. நண்பர் கடைசிவரை தம் கையெழுத்தில் 'லை', 'னை' முதலியவற்றைப் பழைய துதிக்கை வடிவத்திலேயே எழுதியவர். தமிழ்நாட்டு அரசு 1978இல் கைவிட்ட வடிவங்கள் அவை. மலரின் தலைப்புகளில் மட்டும் அவ்வடிவம் வரவேண்டும் என்று மகள் ஆசைப்பட்டார். திறந்த உரிமம் கொண்ட ஓர் எழுத்துருவை பொண்ட்போர்ஜ் மென்பொருளில் திறந்து அவ்வெழுத்துகளை வரைந்து சேர்த்தார். பெயரை மாற்றினார். எவரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எழுத்துகள் அப்படி ஒன்றும் அழகாக அமையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து வரைதல் ஒரு வாரத்தில் கைவரும் கலை அன்று.

மலரை ஸ்கிரைபசில் அடுக்கி முடித்து அச்சகத்துக்கு அறிவித்தபோது அங்கிருந்து வந்த மறுமொழி: "பாமினியில் அடித்துத் தாருங்கள், எங்களுக்கு அதுதான் வசதி." பீடிஎப் கோப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும், உங்களிடம் எதுவும் இருக்கத் தேவையில்லை என்று விளக்க அரை மணி நேரம் பிடித்தது.

ஒரு நினைவு மலருக்கே இவ்வளவு என்றால், நாளிதழ்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1990கள் தொடக்கம் போர் முடிந்த 2009 வரையிலான காலத்தின் தமிழ்ச் செய்திகளில் பெரும்பங்கு இவ்வாறான எழுத்துருக்களில் அடிக்கப்பட்டது. இடம்பெயர்வுகள், ஆழிப்பேரலை, காணாமற்போனோர் பற்றிய உறவினரின் முறைப்பாடுகள், மரண அறிவித்தல்கள். ஒரு காணி வழக்கில், ஒரு காணாமற்போனவரின் விசாரணையில், இன்ன நாளில் இன்ன பெயர் பத்திரிகையில் வந்தது என்று காட்டவேண்டிய தேவை இன்றும் எழுகிறது. அச்சுப்பிரதி கறையான் அரித்துப் போயிருக்கும். கோப்பு இருக்கும். அந்தக் கோப்பிலே ஒரு தாய் தன் மகனின் பெயரைத் தேடினால் கிடைக்காது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தவர்களை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இந்தக் கோப்புகளை எவரும் எரிக்க வரப்போவதில்லை. அவை நம் அலுமாரிகளில் தாமாகவே ஊமையாகிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே பத்திரிகை நிறுவனங்களிடமும், தந்தையரின் எழுத்துகளை வைத்திருக்கும் பிள்ளைகளிடமும் நான் கேட்பது ஒன்று. பழைய கோப்பு லினக்சில் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றினால் உடனே பாமினியை நிறுவி அதனை மறைக்காதீர்கள். மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியதை ஒரு மனிதர் வாசிக்கட்டும். தனி எழுத்துரு செய்வித்த நிறுவனங்கள் அந்த எழுத்துருக் கோப்பையும் விசை அட்டவணையையும் பொதுவில் வையுங்கள். இன்று அதனால் உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அதனை அறிந்த தட்டச்சாளர் உயிரோடு இருக்கையில் செய்யுங்கள்.

மலர் குறித்த நாளில் வெளிவந்தது. வாகரைக் கட்டுரை அதிலே நான்காவதாக இருக்கிறது. 1997ஆம் ஆண்டு இறுவட்டில் மூன்று கட்டுரைகள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. பாமினியும் இல்லை, நாங்கள் பொருத்திய அட்டவணையும் செல்லவில்லை. அப்போது கொழும்பில் வெளிவந்து இரண்டே ஆண்டில் நின்றுபோன ஒரு வார இதழுக்காக அவை எழுதப்பட்டவை என்று நினைக்கிறேன். அந்த இதழின் ஒரு பிரதி, ஒரு பக்கமாவது, எவருடைய பரணிலேனும் இருந்தால் அறியத் தாருங்கள்.